அவர் சொன்னது ‘சரி’ இல்லை

தம்பிக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. “நீங்க சரின்னு சொல்லிட்டீங்களாமே அம்மா” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றுக்கும் கீழே கோடு வேறு. பெங்களூரில் உன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது, இருக்கட்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தாவின் அப்பா சம்பந்தம் பேச நம் வீட்டுக்கு வந்தபோது நான் ‘சரி’ என்று சொல்லவில்லை. இங்கிலீஷில் ‘சாரி’ என்று சொன்னேன். அவர் காதில் அது ‘சரி’ என்று விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நீ நினைப்பாய். கெடவில்லை. பதினாறு வருஷமாக இவ்வளவு தெளிவாக நான் இருந்ததே கிடையாது. உன் அப்பா எப்படிச் செத்தார் என்று நீ கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். “அந்த மேனேஜர் கார் அனுப்பறேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டான்” என்று. அந்தப் பேரை என் வாயால் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததால், அந்த மேனேஜர் யார் என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது. அது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு, நான் சொன்னதில் பாதி பொய். அவர் கார் அனுப்புகிறேன் என்று சொல்லவே இல்லை.

அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. உன் அப்பா பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டர். மேனேஜரின் உபயோகத்துக்கென்று கம்பெனி ஒரு கறுப்புக் கார் வைத்திருந்தது. அதன் எஞ்சினைப் பிரித்துக் கோப்பதும், அவர் எங்கேயாவது கொண்டுபோய் இடித்துவிட்டு வந்தால் மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவதும் உன் அப்பாதான். அந்தக் காரைப் பற்றி வீட்டில் வந்து பேசுவார், ஏதோ நம் வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். நம் தெருமுனை டாக்டர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, “குடல்வால் வீங்கியிருக்கும்மா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குதிரை வண்டியில போட்டுக் குலுக்காதீங்க, கார் கிடைச்சா நல்லது. மத்தியானத்துக்குள்ள போயிடணும்” என்றார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் டவுன் பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி, சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷில் பஸ் தெரியும், டிக்கெட் தெரியும், அவ்வளவுதான்.

மேனேஜர் ஏதோ காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வாயில் சுருட்டு. நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, “ஐயா, அவருக்கு வயித்து வலி தாங்கல. குலுக்காமக் கொண்டு போகணும்னு டாக்டர் சொல்றார். ஷெட்ல நிக்கிற காரை ஒரு மணி நேரம் குடுங்கய்யா, புண்ணியமாப் போகும்” என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. சுருட்டை எடுக்கவில்லை. பல்லுக்கு நடுவில் ஒரே ஒரு சொல் சொன்னார். அது எனக்கு ‘சரி’ என்று கேட்டது. வேறு எப்படிக் கேட்கும், நீயே சொல். ஒரு தமிழச்சி ஒரு தமிழரிடம் போய் உதவி கேட்கிறாள், அவர் வாயிலிருந்து ‘சரி’ மாதிரி ஒரு சத்தம் வருகிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “நல்லா இருப்பீங்கய்யா” என்று வாழ்த்தினேன். அதற்கும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. முடியாது என்று சொன்ன ஆளை ஒருத்தி வாழ்த்திவிட்டுப் போகிறாளே, ஏன் என்று பார்க்க வேண்டாமா? அவருக்கு அது தோன்றவில்லை.

வீடு திரும்பும்போது மணி பதினொன்று. வாசலில் காதர் பாய் தன் குதிரை வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, வண்டித் தட்டு முழுக்க வைக்கோல் பரப்பி, அதன் மேல் தன் வீட்டு மெத்தையைப் போட்டு எடுத்து வந்திருந்தார். “ஏத்தும்மா, நான் நடை நடையா ஓட்டிட்டுப் போறேன், ஒரு குலுக்கல் இருக்காது” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வேணாம் பாய். கம்பெனி கார் வருது. மேனேஜர் சரின்னுட்டார்” என்றேன். அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன், தம்பி. அடையவளஞ்சான் வீதியில் நம் வாசலுக்குக் கார் வரப்போகிறது என்று எனக்கு ஒரு பெருமை. புருஷன் உள்ளே துடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெருமை. பாய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் உன் அப்பாவுக்கு வெளுத்த வேட்டி கட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, வாசலில் வந்து நின்றேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. திரும்பப் போய்க் கேட்கலாம் என்றால், நான் அந்தப் பக்கம் போகும்போது கார் இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். நாலரை மணிக்கு அவர் உதடு நீலமாகப் போனதைப் பார்த்துத்தான் காதர் பாய் வீட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கேட்டார்: “காலையிலயே கொண்டாந்திருக்கலாமேம்மா, என்ன பண்ணிட்டிருந்தீங்க?” மறுநாள் உன் அப்பா போய்விட்டார்.

பிறகு ஐந்து வருஷம் அந்த மேனேஜரைச் சொன்ன சொல் தவறியவர் என்று சபித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சாபத்தில் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. உன்னைப் படிக்க வைத்ததும், பெண்கள் காலேஜ் லைப்ரரியில் புத்தகம் துடைக்கிற வேலைக்குப் போனதும், எல்லாம் அந்தத் தெம்பில்தான். அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது. ஒரு நாள் நீ ஓடி வந்து என் காலை மிதித்துவிட்டு, ஸ்கூலில் புதிதாகக் கற்ற இங்கிலீஷ் பெருமையில் ஒரு சொல் சொன்னாய். “என்னடா சரி? மிதிச்சுட்டு என்ன சரி?” என்று கேட்டேன். “சரி இல்லம்மா, சாரி. தப்பு பண்ணா சொல்றது. அப்புறம் ஒருத்தர் ஏதாச்சும் கேட்டு, நம்மால முடியாதுன்னாலும் இதையே சொல்லலாமாம், சார் சொன்னார்” என்றாய். நான் உன்னை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். உனக்கு அது நினைவிருக்கும். எதற்கு அடித்தேன் என்று நீ ரொம்ப நாள் கேட்டாய், நான் சொல்லவே இல்லை. இதோ இப்போது சொல்கிறேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது, அவர் என்னை ஏமாற்றவில்லை, முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார், தப்பாகக் கேட்டுக்கொண்டு பாய் வண்டியைத் திருப்பி அனுப்பியது நான் என்று. அந்த அறை உனக்கு விழவேண்டியது இல்லை.

அதோடு என் கோபம் அடங்கியிருக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். அடங்கவில்லை, அப்போதுதான் அது சூடு பிடித்தது. பொய் சொல்லி ஏமாற்றுகிறவனுக்காவது எதிரில் ஒரு மனுஷி நிற்கிறாள் என்ற நினைப்பு இருக்கும். இவருக்கு அதுகூட இல்லை. “முடியாதும்மா” என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் நான் பாய் வண்டியில் பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பேன். அவர் காரை மறுத்ததைக்கூட மன்னிப்பேன். மறுத்தது எனக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறைகூட இல்லாமல் மறுத்தாரே, அதை மன்னிக்க மாட்டேன். அவரும் முசிறிப் பக்கம் வயல்காட்டிலிருந்து வந்தவர்தான். அவர் ஆத்தாளுக்கும் இங்கிலீஷ் தெரிந்திருக்காது.

என்னைக் கொன்ற சொல் எது என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. உன் பாடப் புத்தகங்களை வைத்து நான் எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் அதற்குத்தான். அறிவு வளர வேண்டும் என்று இல்லை. லைப்ரரியில் தலையணை கனத்தில் ஓர் அகராதி உண்டு. அதைத் துடைக்கிற சாக்கில் ‘சாரி’ இருக்கிற பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் லைப்ரரியன் ஐயங்கார் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்துச் சொன்னார். “இதோ பாரும்மா, இது புண்ணுலேர்ந்து வந்த வார்த்தை. புண்ணுக்கு அவா ‘சோர்’னு சொல்லுவா. வலியில இருக்கறவன், புண்பட்டவன்னு அர்த்தம். துக்கத்துக்கு ‘ஸாரோ’ன்னு வேற ஒரு வார்த்தை இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஜனங்கள் இதையும் அதும் பக்கமா இழுத்துட்டா. நெஜத்துல ரெண்டுக்கும் ஒட்டே கெடையாது.” முதலில் ‘நான் சாரியாக இருக்கிறேன்’ என்று முழு வாக்கியமாகத்தான் சொன்னார்களாம், அதாவது எனக்கு வலிக்கிறது என்று. போகப்போக ‘நான்’ என்பதை வெட்டிவிட்டார்கள். ‘நான்’ போன பிறகு வலியும் போய்விட்டது. வெறும் சத்தம் மட்டும் மிஞ்சி, சுருட்டு பிடித்த வாயிலிருந்து என் மேல் வந்து விழுந்தது.

இன்னும் இரண்டு விஷயம் அவரிடம் தெரிந்துகொண்டேன். அந்தச் சொல்லுக்குக் கேவலமான, உருப்படாத என்றும் ஒரு பொருள் உண்டாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் அன்றைக்குத் தன்னைத்தான் சொல்லிக்கொண்டாரோ என்னவோ! இன்னொன்று, சுருட்டுக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கிற பேரே நம் ‘சுருட்டு’தானாம். நம் ஊரிலிருந்து கப்பலில் சுருட்டை ஏற்றும்போது பேரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நம்மிடம் சுருட்டை வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சாரியைக் கொடுத்திருக்கிறான். அந்த மேனேஜர் வாயில் அன்று இரண்டும் சேர்ந்து இருந்தன. ஐயங்கார் அகராதியை மூடும்போது, “சொல்றவனுக்கு வலிக்கணும்மா. வலிக்கலேன்னா அதச் சொல்லப்படாது” என்றார். அவர் சும்மா சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்றைக்காவது அந்த மேனேஜர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதன் பழைய பொருளோடு, வலியோடு, வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வசந்தாவின் அப்பா வருவார் என்று நீ எழுதியிருந்தாய், அவர் பேரை எழுதவில்லை. நானும் வீட்டைக் கழுவி, காபிக்குப் பால் வாங்கி வைத்திருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அந்தக் கறுப்புக் கார். வசந்தாவின் அப்பாதான் அந்த மேனேஜர். ரிடயராகும்போது கம்பெனியிலிருந்து காரை விலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். இடது முன் மட்கார்டில் உன் அப்பா தட்டி நிமிர்த்திய இடம் அப்படியே சொரசொரவென்று இருந்தது. பதினாறு வருஷம் தாமதமாக அந்தக் கார் என் வாசலுக்கு வந்து நின்றது, தம்பி. நான் உள்ளே போய்க் காபி டவராவைக் கையில் எடுத்தேன். அவர் இறங்கி உள்ளே வந்தார். தலை நரைத்துவிட்டது, வலது காது மந்தம் என்று அவரே சொல்லிக்கொண்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் முகத்தை அவர் பார்த்ததே இல்லையே. “ஒரே பொண்ணுங்க. உங்க பையன் மேல உசிரா இருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஆவணியிலயே முடிச்சிடலாம்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, டவராவைப் பார்த்துக்கொண்டு, “சாரி” என்றேன். பத்து வருஷம் வாய்க்குள் வைத்துப் பழகிய சொல். அவர் முகம் மலர்ந்து எழுந்து கும்பிட்டார். “ரொம்ப சந்தோஷங்க. நல்லா இருப்பீங்க” என்றார். நான் அன்றைக்குச் சொன்ன அதே வாழ்த்து.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. எனக்கு இனித்தது. போய் ஊரெல்லாம் சொல்லட்டும், மண்டபம் பேசட்டும், வாசலில் நின்று காத்திருக்கட்டும், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சொல்கிறேன் நான் சொன்னது என்ன என்று, அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் மைசூர்பாகு கடிதம் வந்தபோது கொஞ்சம் உறுத்தியது. அப்போதும் மனசு மாறவில்லை. நீ ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

நேற்று வசந்தா வந்தாள். தனியாக, பஸ் ஏறி. “அத்தை, கூறைப்புடவை என்ன கலர்ல எடுக்கணும்னு உங்களைக் கேட்டுட்டு எடுக்கலாம்னு வந்தேன். அம்மா இருந்திருந்தா அவங்ககிட்ட கேட்டிருப்பேன்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், தம்பி. அன்று பதினொரு மணிக்கு, கார் வருது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது. வாசலில் காத்திருப்பது அவள் அப்பா இல்லை, அவள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. “வா, உங்க அப்பாவைப் பார்க்கணும்” என்று அவளையும் இழுத்துக்கொண்டு தில்லைநகரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், புடவை விஷயத்தில் ஏதோ தப்பாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாய்வு நாற்காலியில் சுருட்டோடு இருந்தார். நான் உட்காரவில்லை. உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவர் நல்ல காதுப் பக்கம் நின்று சொன்னேன். ஷெட், குடல்வால், காதர் பாயின் மெத்தை, நாலரை மணி, எதையும் விடவில்லை. வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், “எனக்கு ஞாபகம் இல்லீங்க. எத்தனையோ பேர் வருவாங்க, போவாங்க. இருந்தாலும், வெரி சாரி” என்றார். அதே சொல், அதே சுருட்டு வாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதற்குள் வசந்தா சொன்னாள்:

“அப்பா, தமிழ்ல சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். “சுருட்டை எடுத்துட்டு, அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க” என்றாள். அவர் சுருட்டை எடுத்தார். அதைத் தரையில் தேய்த்து அணைத்தார். தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு, “வண்டி ஷெட்லதான் நின்னுச்சு” என்றார். “அன்னிக்கு எங்கயும் போகல. பெட்ரோல்கூட இருந்துச்சு. மொதலாளி வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு நெனச்சேன். மொதலாளி வரவே இல்ல.” ஞாபகம் இல்லை என்றாரே, எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்ற பெண் எதிரில் அழுதார். வலித்திருக்கிறது, நான் பார்த்தேன். போதுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போதவில்லை. உன்னிடம் எதற்கு நடிக்க வேண்டும்?

அதனால் அவரிடம் ஒன்று சொன்னேன். “முகூர்த்தம் பத்தரைக்கு. அன்னிக்கு அந்தக் காரை நீங்களே ஓட்டிட்டு என் வாசலுக்கு வரணும். விடியக்காலம் நாலரைக்கு வந்துடணும்” என்றேன். அவர், “சரி” என்றார். நான் விடவில்லை. “என்ன சொன்னீங்க? சரியா, சாரியா?” என்று கேட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் உன் அப்பா இருந்திருப்பார். “சரிங்க, வரேங்க” என்றார். அரக்குக் கலர் புடவை எடுக்கச் சொல்லி வசந்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே கல்யாணம் நடக்கும், நீ பயப்படாதே. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல மனுஷியை நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன், அது என் பழி. அவளிடம் நீ என்றைக்காவது தப்புச் செய்தால் சாரி சொல்லித் தப்பிக்காதே. என்ன செய்தாயோ அதைத் தமிழில் சொல். வண்டி ஷெட்டில் நின்றது என்று சொல். அது வாய்க்குக் கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருக்கட்டும்.

முகூர்த்தத்தன்று நாலரைக்கு நம் வாசலில் கார் சத்தம் கேட்கும். நீ எழுந்து போகாதே, நான் பத்து மணிக்குத்தான் ஏறுவேன். அன்று நான் நின்ற பதினொன்றிலிருந்து நாலரைக்கு எத்தனை மணியோ, நாலரையிலிருந்து பத்துக்கும் அத்தனை மணி. பெண்ணைப் பெற்றவருக்குக் கல்யாணத்தன்று ஆயிரம் வேலை இருக்கும்தான். எனக்கும் அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. நடுவில் அவர் இறங்கி வந்து, “போகலாங்களா?” என்று கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். நீ பதில் சொல்லாதே, நானே வெளியே போகிறேன். அவருடைய நல்ல காதுப் பக்கம் போய், அவர் முகத்தைப் பார்த்து, “முடியாதுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அம்மா